ஜெபத்துக்கு மார்க் வேண்டாம்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் பாளையங்கோட்டையில் தெருவுக்குத் தெரு வி.பி.எஸ். பேனர் கட்டிவிடுவார்கள். விடுமுறை வேதாகமப் பள்ளி. காலையில் பிள்ளைகள் கைதட்டி ஆடிப் பாடுகிற சத்தம், இடைவேளையில் பன்னும் ரஸ்னாவும், கடைசி நாள் பெற்றோர் முன்னிலையில் கலைநிகழ்ச்சி. இதில் எதன்மீதும் எனக்குக் குறை கிடையாது. அந்தக் கடைசி நாளில் மேடையேறுகிற வசனம் ஒப்புவிக்கும் போட்டியை மட்டும் நிறுத்தச் சொல்கிறேன். ஏழு வயது ஆகாத பிள்ளைகளுக்காவது.

நான் சபை நடத்துகிற ஐயரும் இல்லை, உபதேசியாரும் இல்லை. வங்கியில் வேலை பார்க்கிறவன், யு.கே.ஜி. படிக்கிற ஒரு பெண்ணுக்கு அப்பா. என் பேச்செல்லாம் எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து பார்த்ததிலிருந்து வருவது.

இரவு எட்டரைக்கு டிவியை அணைத்துவிட்டு அந்தப் பாயை விரிப்போம். குடும்ப ஜெபம். திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வருகிற வழக்கம். ஒரு கீர்த்தனை, ஒரு வேதபாடம், ஆளுக்கொரு சின்ன ஜெபம். வேதநாயக சாஸ்திரியார் திருநெல்வேலியில் பிறந்தவர் என்பதில் என் அப்பாவுக்குத் தனிப் பெருமை. பெரும்பாலும் அவருடைய பாட்டு ஒன்றைத்தான் எடுப்பார், அதுவும் எங்கள் யாருக்கும் எட்டாத சுருதியில். அம்மா கையால் தாளம் போடுவார். மகள் பாதிப் பாட்டில் எழுந்துபோய், டியூப்லைட்டுக்குப் பின்னால் பல்லி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். யாரும் அதட்டுவதில்லை.

அவள் முறை வரும்போதுதான் வீட்டுக்கே தூக்கம் கலையும். குக்கர் வாஷர் பிய்ந்துபோன அன்று குக்கருக்காக ஜெபித்தாள். வாசல் வேப்பமரத்து அணிலுக்குக் குளிரக் கூடாது என்று கேட்டாள். அப்போது அக்னி நட்சத்திரம். அவளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிற ஆட்டோ பாய்க்குக் கால் சுளுக்கியபோது, மேலப்பாளையத்தில் அவர் வீட்டுக்கு எப்படிப் போக வேண்டும், கேட் என்ன கலர், பக்கத்தில் என்ன கடை என்று விவரமாக வழி சொன்னாள். இயேசப்பா வேறு வீட்டுக்குப் போய்விடக் கூடாதல்லவா! பசி எடுத்த நாளில் மட்டும், “எல்லாருக்கும் எல்லாம் குடுங்க, ஆமென்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். என் மனைவி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். நாள் முழுக்க மற்றவர்களின் பணத்தை எண்ணிவிட்டு வருகிற எனக்கு, அந்த ஐந்து நிமிடத்துக்காகவே வீட்டுக்கு வரலாம் போலிருக்கும்.

போன வருஷம் அவளும் ஒரு மேடையில் வசனம் சொன்னாள். நடுவர்களின் கையில் தாள் இருந்தது. உச்சரிப்புக்கு இத்தனை, தடுமாறாமல் சொன்னதற்கு இத்தனை, முகபாவத்துக்கு இத்தனை. இரண்டாம் பரிசாக எவர்சில்வர் டம்ளர் கிடைத்தது. அன்றிரவு ஜெபம் முடிந்ததும் கலர் பென்சிலோடு வந்து உட்கார்ந்தாள். தாத்தாவுக்குப் பத்துக்கு ஆறு. “நடுவுல இருமிட்டீங்க.” ஆச்சிக்கு ஒன்பது. எனக்கு நாலு. “அப்பா சத்தமே வரலை.” விழுந்து விழுந்து சிரித்தோம். மறுநாள் அவள் முறை வந்தது. அணிலும் வரவில்லை, ஆட்டோ பாயும் வரவில்லை. எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, பரிசு வாங்கிய வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தாள். அதுவரை இயேசப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தவள், அன்று எங்களிடம் பேசினாள். அணில் திரும்பி வரக் கொஞ்ச நாள் பிடித்தது.

மாற்கு சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் வருகிற காட்சி எல்லோருக்கும் தெரியும். சிலர் பிள்ளைகளைக் கொண்டு வருகிறார்கள், சீஷர்கள் அவர்களை அதட்டுகிறார்கள், இயேசு சீஷர்கள்மீது கோபப்படுகிறார். ஞாயிறு பள்ளிச் சுவர்களில் இந்தப் படம் இல்லாத சுவரே இல்லை. அந்தப் பிள்ளைகளிடம் அவர் ஒரு கேள்வி கேட்டதாக மாற்கு எழுதவில்லை. பத்துக் கட்டளைகளைச் சொல்லிக் காட்டு என்று சொன்னதாகவும் இல்லை. அணைத்துக்கொண்டார், அவர்கள்மேல் கை வைத்து ஆசீர்வதித்தார், அவ்வளவுதான். அந்தப் படத்துக்குக் கீழேயே மேஜை போட்டு நடுவர்களை உட்கார வைக்கிறோம்.

மனப்பாடம் கெட்டது என்று சொல்ல வரவில்லை. முட்டு ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, என் அம்மா ராத்திரியில் கண்ணாடியும் புத்தகமும் இல்லாமல் சங்கீதங்களை முழுசு முழுசாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த கட்டிலில் இருந்தவர் இசக்கியம்மனைக் கும்பிடுகிறவர். வலி கூடும்போதெல்லாம், “அக்கா, அதை இன்னொரு தடவை சொல்லுங்க” என்பார். இத்தனையையும் எந்த வயதில் படித்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். “யாரு படிச்சா? எங்கம்மா பீடி சுத்திக்கிட்டே சொல்லுவா. கேட்டுக் கேட்டு வந்துட்டு” என்றார். ஒரு வீட்டுத் திண்ணையில், தட்டில் இலையும் தூளும் வைத்துக்கொண்டு ஒருத்தி தனக்காகச் சொன்னது, அறுபது வருஷம் கழித்து இன்னொருத்தியின் வலிக்கு உதவியிருக்கிறது. டம்ளர் வாங்கிய வசனத்தை என் மகள் இப்போது பாதி மறந்துவிட்டாள்.

ஞாயிறு பள்ளி ஆரம்பித்த கதையிலும் மேடை கிடையாது. இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரத்துப் பத்திரிகைக்காரர் ராபர்ட் ரெய்க்ஸ் 1780இல் இதைத் தொடங்கியபோது, வாரம் முழுக்க வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு ஓய்வு ஞாயிறு ஒன்றுதான். அந்த ஒரு நாளில் எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் ஊருக்கு மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820இல் வந்த பிறகு கிராமம் கிராமமாக எழுந்த பள்ளிகளுக்கும் அதே அவசரம்தான்: எழுத்தே மறுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் வாசித்துவிட வேண்டும். பின்தங்கியவனைக் கைதூக்கிவிட வந்த ஏற்பாட்டில், முதலில் வந்தவனை மட்டும் மேடையேற்றுவது பொருந்தவில்லை.

இது எங்கள் கோயிலோடு நிற்கிற விஷயமும் இல்லை. மார்கழியில் திருப்பாவை ஒப்புவிக்கும் போட்டி, மீலாது விழாவில் குர்ஆன் ஓதும் கிராஅத் போட்டி. நைட்டியோடு நின்று கோலம் போடுகிற பக்கத்து வீட்டம்மா பாடுவதை, அவர் மகன் வாசற்படியில் பல் தேய்த்துக்கொண்டே கூடச் சேர்ந்து பாடுவான். மேடையேற்றிய அன்று வாய் திறக்காமல் அழுதுவிட்டான். அந்தப் பையனுக்குப் பாசுரம் வராமல் இல்லை. மைக் வரவில்லை.

அப்படியானால் பிள்ளைகளுக்கு விசுவாசத்தை எப்படித்தான் கொடுப்பது என்று கேட்பார்கள். கையில் வேலை கொடுங்கள். உலை வைக்க அரிசி அளக்கும்போது கோயிலுக்கென்று ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டுவைப்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் பழைய வழக்கம். அந்தப் பிடியை ஆச்சியிடமிருந்து என் மகள் பிடுங்கிக்கொண்டாள். அவள் கைக்குள் அடங்குவது கொஞ்சம், அதிலும் பாதி தரையில். பானை நிறைய நாளாகும். ஆகட்டும். ஸ்தோத்திரப் பண்டிகைக்கு எங்கள் வீட்டு மரத்துப் பப்பாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். ஏலத்தில் யாரோ ஒருவர் எடுத்ததும், “அது எங்க பப்பாளி” என்று ஒரே அழுகை. எடுத்தவர் அங்கேயே கத்தி வாங்கி அறுத்து முதல் துண்டை அவளிடம் நீட்டினார். கொடுத்தது திரும்ப வந்து தித்தித்ததை அவளுக்கு எந்த வசனத்தைக் கொண்டும் நான் விளக்கியிருக்க முடியாது. அப்பாவின் கிராமத்தில் எல்லோருக்கும் சோறு போடுகிற அசனப் பண்டிகை நடந்தபோது பந்தியில் உப்பு வைக்கிற பொறுப்பு அவளுடையது. கோயில்காரர்கள், கோயிலுக்கு வராதவர்கள், அடுத்த ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு இலையிலும் மலை மலையாக உப்பை வைத்துவிட்டுப் போனாள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

ஞாயிறு பள்ளிக் கண்காணிப்பாளர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். சின்னப் பிள்ளைகள் வசனத்தை எல்லோருமாகச் சேர்ந்து சொல்லட்டும். தெரிந்தவன் குரலில் தெரியாதவன் ஒதுங்கிக்கொள்வான், அடுத்த வருஷம் அவனுக்கும் வந்துவிடும். மார்க் தாளைக் கிழித்துப்போடுங்கள். பரிசு வாங்குகிற காசில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி ஏதாவது வாங்கிக் கொடுங்கள்.

இதை ஒரு கண்காணிப்பாளரிடமே சொல்லிப் பார்த்தேன். நல்ல மனுஷர், பொறுமையாகக் கேட்டார். “போட்டியும் பரிசும் இல்லைன்னா கடைசி நாள் பெத்தவங்க ஒருத்தரும் வர மாட்டாங்களே தம்பி” என்றார். ஆட்களை வரவழைக்க வேறு வழி தெரியாத ஊரா நம்முடையது? அசனம் என்று பேனரில் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். நாற்காலி பற்றாமல் போகும்.