அலைக்குப் பொத்தான், கரைக்கு உபதேசம்!

அமெரிக்க ஏரிகளில் சில ஆண்டுகளாக ஒரு சண்டை நடந்து வருகிறது. பணம் படைத்தவர்களின் விளையாட்டுச் சண்டைதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. பொது நீர்நிலை யாருக்குச் சொந்தம் என்ற பழைய கேள்விதான் ஒரு புது யந்திரத்தின் மேலேறி வந்திருக்கிறது.

விஷயம் இதுதான். 'வேக் சர்ஃபிங்' என்று ஒரு விளையாட்டு. மோட்டார் படகு மெதுவாகப் போகிறது. அதன் பின்னே எழும் அலையின் மேல், பலகையில் நின்றபடி ஒருவர் சறுக்கி வருகிறார். எழுந்து நின்ற பிறகு இழுவைக் கயிற்றையும் விட்டுவிடலாம். அலையே அவரைத் தள்ளிக்கொண்டு வரும். சாதாரணப் படகில் அவ்வளவு பெரிய அலை எழாது. ஆகவே படகின் வயிற்றில் தொட்டிகளை வைத்து, ஏரித் தண்ணீரையே பம்பு போட்டு நிரப்பி, டன் கணக்கில் எடையேற்றி, படகின் பின்புறத்தை நீரில் அமுக்குகிறார்கள்.

முன்பு இதற்குக் கைப்பழக்கம் வேண்டியிருந்தது. எந்தப் பக்கம் அலை வேண்டுமோ அந்தப் பக்கம் தண்ணீர்ப் பைகளையும் ஆட்களையும் ஏற்றிப் படகைச் சாய்ப்பார்கள். ஓட்டுகிறவர் ஒரு கையைத் திராட்டிலில் வைத்து, என்ஜினின் சத்தத்தைக் கேட்டே வேகத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். கோடைக்குக் கோடை பழகித்தான் அது கைவரும். அப்படிப் பழகுகிறவருக்கு எங்கே ஆழம், எங்கே சேறு, தான் கிளப்பிய அலை எந்தக் கரையில் போய் மோதுகிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

இன்று நிலைமை வேறு. 2013-ம் ஆண்டு மாடல்களில் மாலிபு நிறுவனம் 'சர்ஃப் கேட்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. படகின் பின்புறம் இரு பக்கமும் கீல் வைத்த தகடுகள். இடப்பக்கத் தகடு விரிந்தால் அந்தப் பக்கத்து நீர் வந்து கூடுவது தாமதப்படும். வலப்பக்க அலை சுத்தமாக எழும். பக்கம் மாற்றச் சில விநாடிகள் போதும். சாட்டிலைட் உதவியோடு வேகம் மணிக்கு 10, 11 மைலில் தானாக நிற்கும். தொட்டிகள் தானாக நிரம்பும். இன்னாருக்கு இன்ன அலை என்று திரையில் பதிந்து வைத்துக்கொள்ளலாம். சறுக்குகிறவர் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு, நீரில் இருந்தபடியே அலையை மாற்றும் வசதியும் வந்துவிட்டது. இரண்டு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துப் படகு வாங்குகிறவர், ஒரு பிற்பகலில் எல்லாவற்றையும் "கற்றுக்கொண்டு" விடுகிறார்.

எதைக் கற்றார்? பொத்தானைக் கற்றார். ஏரியைக் கற்றாரா?

நமக்கு யந்திரத்தின் மீது பகை இல்லை. வேகம் தானாக நிற்பது நல்லதுதான். ஓட்டுகிறவரின் கண் மீட்டரை விட்டு நீரைப் பார்க்கலாம். ஆனால் அலை என்பது சறுக்குகிறவர் விழுந்ததும் மறைந்துவிடும் பொருளல்ல. அது கரைக்குப் போகிறது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் செயின்ட் அந்தோணி ஃபால்ஸ் ஆராய்ச்சிக்கூடம் 2022-ல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். பொதுமக்கள் நன்கொடை திரட்டி நடத்திய ஆராய்ச்சி அது. இந்தப் படகுகளின் அலை சாதாரணப் படகின் அலையைப் போல இரண்டு மூன்று மடங்கு உயரம். சக்தியோ 3 முதல் 9 மடங்கு. சாதாரணப் படகின் அலை 200 அடியில் எவ்வளவு தணிகிறதோ, அவ்வளவு தணிய இந்த அலைக்கு 500 அடிக்கு மேல் வேண்டும். 2025-ல் அதே கூடம் அடித்தளத்தையும் ஆராய்ந்து, 20 அடிக்குக் குறைந்த ஆழத்தில் இப்படி ஓட்ட வேண்டாம் என்றது. பின்புறம் அமுங்கிய படகின் விசிறி நீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது, சேறு கிளம்புகிறது, சேற்றில் அடங்கிக் கிடந்த பாஸ்பரஸ் மேலே வந்து பாசியை வளர்க்கிறது. நீர்விளிம்பில் கூடு கட்டும் லூன் பறவையின் முட்டை அலையில் அடித்துப் போகிறது. தொட்டியில் மிச்சமிருக்கும் நீரோ ஒரு ஏரியின் களையையும் ஜீப்ரா சிப்பியையும் அடுத்த ஏரிக்குச் சுமந்து செல்கிறது.

இதற்குப் படகுத் தொழிலின் பதில் என்ன? கல்வி! ஓட்டுகிறவர்களுக்குப் பொறுப்பைப் போதிப்போம். 200 அடி தள்ளி ஓட்டச் சொல்வோம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டாம், பாட்டுச் சத்தத்தைக் குறைக்கவும் என்று துண்டுப் பிரசுரம் கொடுப்போம். சட்டம் மட்டும் வேண்டாம்! அந்த 200 அடிக்கு ஆதாரம், தொழில் சங்கமே ஏற்பாடு செய்து 2015-ல் வந்த ஆராய்ச்சி. அதைப் பொய் என்று நாம் சொல்லவில்லை. காற்று கிளப்பும் அலையோடு ஒப்பிட்டுப் பார்த்து ஆபத்தில்லை என்றார்கள். காற்றுக்கு விலைப்பட்டியல் உண்டா? சனிக்கிழமை பிற்பகல் ஒரே ஓடைமுகத்தில் முப்பது தடவை காற்று சுற்றி வருமா?

இதே தொழிலதிபர்கள் தகட்டின் விஷயத்தில் எப்படி நடந்துகொண்டார்கள்? அங்கே உபதேசம் இல்லை, வழக்குத்தான். காப்புரிமையை மீறியதாக மாலிபு 2013-ல் நாட்டிக் மீதும், 2015-ல் மாஸ்டர்கிராஃப்ட் மீதும் கோர்ட்டுக்குப் போனது. லைசென்ஸ் ஒப்பந்தத்தில்தான் இரண்டும் முடிந்தன. தகடு சொந்தச் சொத்து, ஆகவே அதற்குச் சட்டம் காவல். கரை ஊரார் சொத்து, ஆகவே அதற்குத் துண்டுப் பிரசுரம் காவல். எவ்வளவு அழகான நியாயம்!

இந்தப் படகுகள் பிறக்கும் ஊரையும் பார்ப்போம். மாஸ்டர்கிராஃப்ட் தொழிற்சாலை டென்னஸி மாநிலத்தில், டெலிகோ ஏரியை ஒட்டிய வோனோரில் இருக்கிறது. அந்த ஏரி இயற்கை தந்ததல்ல. டென்னஸி பள்ளத்தாக்கு ஆணையம் என்ற சர்க்கார் ஸ்தாபனம் விவசாயிகளின் நிலத்தைக் கட்டாயமாக எடுத்து, 1979 நவம்பரில் அணையை மூடியது. செரோக்கி மக்களின் பழைய ஊர்களான சோட்டாவும் தனாசியும் மூழ்கின. டென்னஸி என்ற பெயரே அந்தத் தனாசியிலிருந்து வந்ததுதான். பொதுநன்மையின் பெயரால் எடுத்த நிலத்தில் ஒரு பகுதி பிறகு ஏரிக்கரைக் குடியிருப்பு மனைகளாக விலைபோயிற்று. பொதுப்பணத்தில் தேங்கிய நீர், தனியார் அலை!

சட்டம் போட்டால் விளையாட்டே அழிந்துவிடும் என்று கூப்பாடு போடுகிறார்கள். வெர்மான்ட் மாநிலம் போட்டுக் காட்டியது. ஊர் மக்கள் 2022-ல் மனுக் கொடுத்தார்கள்; 2024 ஏப்ரலில் விதி அமலுக்கு வந்தது. கரையிலிருந்து 500 அடி, ஆழம் 20 அடி, அத்தகைய நீர்ப்பரப்பு தொடர்ச்சியாக 50 ஏக்கராவது இருக்கும் ஏரிகளில் மட்டுமே அனுமதி. படகுக்கு ஒரு சொந்த ஏரி. வேறு ஏரிக்குப் போவதானால் முதலில் கிருமி நீக்க வேண்டும். விளையாடுகிறவர் நடு ஏரியில் விளையாடட்டும் என்பதைத் தவிர இதில் என்ன கொடுமை?

இன்னொன்றும் கேட்கிறோம். படகு எங்கே நிற்கிறது என்பது சாட்டிலைட் மூலம் அந்த யந்திரத்துக்குத் தெரிகிறது. ஆழமானியும் கூடவே இருக்கலாம். அலையை எழுப்பத் தெரிந்த மூளைக்கு அதை அடக்கவும் தெரியாதா? 500 அடிக்குள் வந்தால் தகடு தானாக மடங்கட்டும். 20 அடிக்குக் குறைந்த ஆழத்தில் தொட்டி நிரம்ப மறுக்கட்டும். இந்த ஏற்பாடு இல்லாத படகை விற்கக் கூடாது என்று ஒவ்வொரு மாநில சர்க்காரும் விதிக்கட்டும். செலவைப் படகு கட்டுகிறவர் ஏற்கட்டும். இரண்டு லட்சம் டாலர் விலையில் அதற்கு இடம் இருக்கிறது.