எஞ்சினின் அடிப்பாகம்

சென்ற திங்கள் விடுமுறை நாட்களில் நம் கையில் பேனா இல்லை. கரியும் எண்ணெயுமே இருந்தன. காரணத்தைக் கூறுகிறோம்.

சித்தூரில் நம் மாமியார் வீட்டு முற்றத்தில், 1982-ஆம் ஆண்டு வாங்கிய அம்பாசடர் கார் ஒன்று உண்டு. காலஞ்சென்ற மாமனார் அதனைத் தம் மூத்த மகன் என்றே கூறுவார். மணமான மறுநாள் நாம் திருப்பதிக்கு வந்ததும் அதிலேதான். அம்பாசடர் உற்பத்தி 2014-இல் உத்தரபாராவில் நின்றுவிட்டது. சில திங்களாக எஞ்சினின் அடியில் தட்டும் ஓசை. சூடேறினால் ஆயில் பிரஷர் முள் கீழே சாய்ந்துவிடும். பழைய இரும்பு வணிகர் எடைக்கு விலை பேசினார். மாமியார் மறுமொழி கூறவில்லை. அன்றிரவு உணவும் கொள்ளவில்லை. வேலையிழந்து ஆறு திங்களாக வீட்டிலிருந்த மைத்துனர், "மாமா, நான் பிரித்துப் பார்க்கிறேன். நீங்கள் கையேட்டைப் படித்துச் சொல்லுங்கள்" என்றார். இசைந்தோம்.

பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாப்ட். அதனை இவ்வெஞ்சினில் மூன்று மெயின் பேரிங்குகள் தாங்குகின்றன. நான்கு கனெக்டிங் ராடுகளும் பிக் எண்ட் பேரிங்குகளால் அதனைப் பற்றியிருக்கின்றன. ஓடும்போது ஷாப்ட் பேரிங்கைத் தொடுவதில்லை. மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மீது மிதக்கிறது. இடைவெளி ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்தால் ஒன்றிரண்டு பங்கே. தேய்மானத்தால் அது பெருகினால் எண்ணெய் வழிந்தோடும், பிரஷர் குறையும், ஓசை எழும்.

இவ்வுண்மை இரயில்வேயின் வாயிலாக வெளிப்பட்டது என்பதில் நமக்குச் சிறு பெருமை உண்டு. இரயில் அச்சுக்குரிய பேரிங்கைச் சோதித்த பீச்சம்ப் டவர் என்னும் ஆங்கிலப் பொறியாளர், அதன் மேற்புறத்தில் துளையிட்டார். அதன் வழியே எண்ணெய் பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கையையும் தள்ளிற்று! 1883-இல் அச்சோதனை வெளியாயிற்று. 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் அதன் காரணத்தைக் கணக்கால் விளக்கினார்.

செயின் பிளாக்கால் எஞ்சினை இறக்கினோம். தொங்கும் எஞ்சினுக்கடியில் கை வைத்தலாகாது என்பதே முதற்பாடம். பார்சல் அலுவலகத்தில் மூட்டைக்குச் சீட்டுக் கட்டும் பழக்கம் நமக்குண்டு. ஆதலால் ஒவ்வோர் உறுப்புக்கும் எண்ணிட்ட சீட்டுக் கட்டும் பணியை நாமே ஏற்றோம். பேரிங்குகளில் கோடுகள் விழுந்திருந்தன. ஷாப்டை லேத் பட்டறையில் அளந்து, அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு குறையக் கடைந்து தந்தனர். அவ்வளவுக்கேற்ற புதிய பேரிங்குகளை வாங்கினோம். ஷாப்டின் எண்ணெய்த் துளைகளில் கம்பி செலுத்தி மண்ணெண்ணெயால் கழுவியபோது, கடைசல் தூள் கருநீராய் வந்தது. அது உள்ளேயே தங்கியிருப்பின் புதிய பேரிங்குகளை ஒரே நாளில் கீறியிருக்கும்.

அனைத்தையும் பூட்டி முடுக்கினோம். ஷாப்ட் அசையவில்லை! பட்டறையார் அளவைத் தவறவிட்டனர் என்று மைத்துனர் சினந்தெழுந்தார். மாமியாரோ, "பிள்ளை எங்கோ பிழை செய்துவிட்டானோ?" என்று மெல்லக் கேட்டார். மைத்துனரின் முகம் வாடிற்று.

திருப்பதியிலிருந்து வயது முதிர்ந்த மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தோம். அவர் பேசியது தெலுங்கு. ஆயினும் கருவிகளின் பெயர்கள் இரு மொழிக்கும் ஒன்றே. ஒவ்வொரு ராடின் கேப்பையும் தளர்த்திச் சுழற்றிப் பார்த்தார். இரண்டாம் ராடின் கேப் மூன்றாவதில் இருந்தது. மூன்றாவதின் கேப் இரண்டாவதில் இருந்தது. ராடையும் கேப்பையும் ஒன்றாகப் பூட்டியே துளை கடைவர். ஆதலால் ஒன்றன் கேப் மற்றொன்றுக்குப் பொருந்தாது. சீட்டுகளைப் பார்த்தோம். மாற்றிக் கட்டியவர் நாமே!

"பிழை பிள்ளையுடையதன்று, அத்தை, மாப்பிள்ளையுடையது" என்றோம். அவர் சிரித்தார், பல திங்களுக்குப்பின் கேட்ட சிரிப்பு அது.

இப்பணியில் இறங்கும் அன்பர்கள் இரண்டை மறவற்க. காகிதச் சீட்டை நம்பாது, கழற்றுமுன் ராடிலும் கேப்பிலும் ஒரே பக்கத்தில் குறியிடுக. ஒவ்வொரு கேப்பையும் டார்க் ரெஞ்சால் கையேடு கூறும் அளவுக்கு முடுக்கியவுடன், ஷாப்டைக் கையால் சுழற்றிப் பார்த்த பின்னரே அடுத்ததைத் தொடுக. அவ்வாறு செய்திருப்பின் நம் பிழை அக்கணமே வெளிப்பட்டிருக்கும். குற்றமற்ற பட்டறையாரைப் பழித்திருக்கமாட்டோம்.

மறுநாள் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பிரஷர் முள் எழும்வரை ஸ்டார்ட்டரால் சுழற்றி, பின்னரே எஞ்சினை உயிர்ப்பித்தோம். முள் உயர்ந்து நின்றது, ஓசை இல்லை. முதற்பயணம் காணிப்பாக்கத்திற்கு. மாமியார் முன்னிருக்கையில், தம் மகனருகே அமர்ந்தார். புறப்படுமுன் மேஸ்திரி மைத்துனரை நோக்கி, திங்கட்கிழமை முதல் தம் ஷெட்டுக்கு வருமாறு கூறியிருந்தார். அவரும் செல்கிறார்.