உடல்வெறுப்பு என்ற குற்றச்சாட்டு

ஆதித் திருச்சபை வேசித்தனத்தைக் கண்டித்ததற்கு உடல்மீதான வெறுப்பும் பெண்களை அடக்கும் ஆசையுமே காரணம் என்கிறார் ஒரு கட்டுரையாளர். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தை அவர் திறந்து பார்க்கட்டும். ஐந்தாம் அதிகாரத்தில் சபையிலிருந்து விலக்கச் சொல்லப்படுபவன் ஓர் ஆண். தகப்பனுடைய மனைவியை வைத்துக்கொண்டிருந்தவன். அந்தப் பெண்ணுக்கு எந்தத் தண்டனையும் இல்லை. ஆறாம் அதிகாரத்தில் அதட்டப்படுபவர்கள் விலைமகளிரிடம் போகும் ஆண்கள். அதற்குச் சொல்லப்படும் காரணம், உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்பது. உடலை வெறுப்பவர் அதை ஆலயம் என்பாரா?

அன்றைய ரோமைப் பாருங்கள். கி.மு. 18இல் அகஸ்டஸ் கொண்டுவந்த சட்டம் மனைவியின் விபசாரத்தைத் தண்டித்தது. கணவன் அடிமைப் பெண்ணிடமோ விலைமகளிடமோ போனால் அது குற்றமே இல்லை. நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்தவ எழுத்தாளர் லாக்டான்சியுஸ் இருபாலாருக்கும் ஒரே அளவுகோல் என்று எழுதியபோது, அந்தச் சட்டத்தின் ஓரவஞ்சனையைத்தான் நேராக எதிர்த்தார்.

திருச்சபைத் தந்தையரில் ஒருவரான ஜெரோம் திருமணத்தைத் தாழ்த்தி எழுதினார், உண்மைதான். அது என்னையும் உறுத்துகிறது. ஆனால் திருமணத்தை அருவருத்தவர்களைக் கங்கிராவில் கூடிய ஆயர்களின் சங்கம் கண்டித்ததும் அதே நான்காம் நூற்றாண்டில்தான். அதைக் கட்டுரையாளர் ஏன் விட்டுவிட்டார்?

பெண்கள்மீது அவருக்கு உண்மையான அக்கறை இருந்தால், எஜமானால் பலவந்தப்படுத்தப்பட்ட அடிமைப் பெண்ணைத் திருச்சபை என்ன செய்தது என்று கேட்டிருப்பார். செசரியாவின் ஆயர் பசிலியார் தம் ஒழுங்குவிதிகளில் பதில் தந்திருக்கிறார்: அவள்மேல் குற்றமில்லை.