தேர்தல் திகதி யார் கையில்?

2017இல் மாகாணசபைத் தேர்தலைக் கலப்புமுறைக்கு மாற்றியது இலங்கைப் பாராளுமன்றம். சீர்திருத்தம் என்றார்கள். 2018 ஆகஸ்டில் எல்லை நிர்ணய அறிக்கைக்கு ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறையும் போயிற்று, புதியதும் வரவில்லை. அந்த ஒக்ரோபரில் ஆயுள் முடிந்த வடமாகாணசபை ஆளுநர் கைக்குப் போனது. 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலும், பணமில்லையென்று 2025 மே வரை இழுபட்டது.

கோப்பை கழுவும் நாங்கள் வேலைக்கு வரும் நாளை நாங்களே தீர்மானித்தால் எந்த முதலாளி பொறுப்பான்? மக்களை எசமானர் என்பவர்களோ, மக்களுக்குக் கணக்குக் காட்டும் நாளைத் தாங்களே ஒத்திவைக்கிறார்கள்.

நாங்கள் கேட்பது இதுதான்: தேர்தல் காலம் அரசியலமைப்பிலேயே அசையாமல் எழுதப்படட்டும். புதிய எல்லைகள் நிறைவேறாவிட்டால் பழைய விகிதாசாரமுறை தானாகவே உயிர்பெறட்டும். அதுவரை இந்தச் சீர்திருத்தத்துக்குப் பெயர் ஏமாற்று.