11-ஆம் நம்பர் கூண்டு

சென்னைத் துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று நியூஸில் சொன்னவுடன், நம்மில் பலர் செய்கிற முதல் காரியம் வெங்காய பஜ்ஜிக்கு மாவு கரைப்பது. இரண்டாவது காரியம், நாளைக்கு ஸ்கூல் உண்டா என்று விசாரிப்பது. கூண்டு என்றால் என்ன, 3 என்றால் என்ன என்று யாரும் கேட்பதில்லை. என் அக்கா பையன் மட்டும் கேட்டான்.

"மாமா, புயலைப் பிடிச்சுக் கூண்டுல போட்டுட்டாங்களா?"

இல்லை கண்ணா. துறைமுகத்தில் உயரமாக ஒரு கம்பம். அதில் கூம்பு மாதிரியும் உருளை மாதிரியும் உருவங்களைத் தொங்க விடுவார்கள். ராத்திரியில் அதற்குப் பதில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். கப்பல்காரர்கள் தூரத்திலிருந்தே பார்த்துப் புரிந்து கொள்வதற்காக ஏற்பட்ட பாஷை. இந்தியாவில் இது முதலில் ஆரம்பித்தது கல்கத்தாவில், 1865-ல். அதற்கு முந்தின வருஷம்தான் ஒரு பெரும்புயல் அந்த ஊரைப் புரட்டிப் போட்டிருந்தது. 1898-லிருந்து எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒரே மாதிரி எண்கள்.

மொத்தம் 11. இதைப் பரீட்சை மார்க் மாதிரி நினைத்துக்கொண்டு, 5-ஐ விட 6 பயங்கரம் என்று டீக்கடையில் அடித்துப் பேசுகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை சார். 1, 2 என்றால் தூரத்துக் கடலில் ஏதோ உருவாகிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே தொல்லை வரலாம். 5, 6, 7 மூன்றும் ஒரே தரத்துப் புயல்தான். துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கரையேறினால் 5. வலப்பக்கம் விட்டால் 6. நேரே நம் தலை மேலேயே என்றால் 7. கடும்புயலாக இருந்தால் இதே வரிசையில் 8, 9, 10. கிட்டத்தட்ட கோயில் பிராகாரம் சுற்றுகிற கணக்கு.

சரி, 11? அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு குப்பத்துக்குப் போய்விட்டு வரலாம்.

* * *

2023 டிசம்பர் 2, சனிக்கிழமை. மிக்ஜாம் இன்னும் புயலாகவில்லை. தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்று படிப்படியாகத்தான் பிரமோஷன் வரும். மணிக்கு 62 கிலோமீட்டருக்குக் கீழே காற்றடித்தால் பெயர் வைக்க மாட்டார்கள். கவர்மென்ட் ஆபீஸில் கூட இவ்வளவு ஒழுங்காகப் பதவி உயர்வு கிடையாது.

திருவொற்றியூரைத் தாண்டி, எண்ணூர் போகிற சாலையோரம் ஒரு குப்பம். இந்தப் பக்கம் கடல். கடல் அரிப்புக்காகக் கொட்டிய கருங்கல். அந்தப் பக்கம் கன்டெய்னர் லாரிகள். நடுவில் வீடுகள். தெரிந்த நண்பர் ஒருவர் அழைத்துப் போனார். கட்டுரைக்கு நாலு வரி தேறும் என்றுதான் போனேன்.

இருபது, இருபத்தைந்து பையன்கள். பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். மீதிப் பேர் யார்டில் கூலி, ஆட்டோ, ஏ.சி. மெக்கானிக், ஒருவன் கல்லூரி. யாருக்கும் யூனிஃபார்ம் கிடையாது, சம்பளம் கிடையாது. ஃபைபர் படகுகளைக் கரையேற்றி, எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கிக் கொண்டிருந்தார்கள். தகரக் கூரைகளைக் கயிறு போட்டு இறுக்கி, மேலே மணல் மூட்டை. ஓட்டை விழுந்த இடத்தில் எல்லாம் ஃப்ளெக்ஸ் பேனர். எல்லாக் கட்சித் தலைவர்களும் பேதமில்லாமல் கூரைமேல் குப்புறப் படுத்திருந்தார்கள். பேனர் வைத்தவர்களுக்கே தெரியாத மக்கள் தொண்டு.

லாரி டியூப் 12, காற்றடித்து ரெடி. ரம்பம், அரிவாள், கயிறு, டார்ச். கோயில் மைக்கிலும் சர்ச் மைக்கிலும் மாறி மாறி அறிவிப்பு. அரிசியும் பருப்பும் யார் யாரோ கொண்டு வந்து கொட்டினார்கள்.

"சார் இன்னா படிச்சிருக்கீங்க?" என்றான் ஒருவன்.

"பி.காம்."

"அப்ப இந்தா, நோட்ட நீங்க எழுதுங்க. எங்க கையெழுத்து எங்களுக்கே புரியாது."

40 பக்க நோட்டு. முதல் பக்கம், மாசமாக இருக்கிற பெண்கள், டாக்டர் கொடுத்த தேதியோடு. இரண்டாம் பக்கம், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், யார் யார் தூக்குவது என்பதோடு. மூன்றாம் பக்கம், தினமும் மாத்திரை வேண்டியவர்கள். நாலாம் பக்கம், மாடி உள்ள வீடுகள், எத்தனை பேர் உட்காரலாம் என்ற கணக்கோடு. நான் படித்த காலத்தில் எத்தனையோ பேலன்ஸ் ஷீட் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமாக ஓர் ஊரின் சொத்தும் கடனும் எழுதின பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்ததில்லை.

ஒரே சிக்கல், சாவி. முகாமாகக் குறித்து வைத்திருந்த கட்டடத்தின் சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் மச்சினி கல்யாணத்துக்குப் பொன்னேரியில். ஒரு பையன் பைக்கில் போய், சாவியோடு ஒரு டிபன் பாக்ஸ் நிறையக் கல்யாண லட்டும் வாங்கி வந்தான்.

* * *

அதற்கப்புறம்தான் நிஜமான வேலை. ஆட்களைக் கிளப்புவது.

காற்றை விடப் பிடிவாதமானவர் ஓர் ஆயா. வயது எழுபதுக்கு மேல். வாசலில் குந்திக் கொண்டு அசையவில்லை.

"ஆயா, வா, போலாம். தண்ணி வந்துரும்."

"நான் வர்ல கண்ணு. எத்தினி புயலு பாத்தவ நானு."

"அதெல்லாம் அப்ப. இப்ப முன்னால கடலு, பின்னால ஆறு."

பையன் சொன்னது சத்தியமான வார்த்தை. மழை கொட்டினால் பூண்டி ஏரியைத் திறப்பார்கள். அந்தத் தண்ணீர் கொசஸ்தலை ஆறு வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குத்தான் வந்தாக வேண்டும். புயல் நேரத்தில் கடல் மட்டம் ஏறி நிற்கும். ஆற்றுத் தண்ணீரை உள்ளே விடாது. வெளியே போக முடியாத தண்ணீர் வீட்டுக்குள்தானே வரும்?

ஆயாவுக்கு இதெல்லாம் நம்மை விட நன்றாகத் தெரியும். அவர் பிரச்னை வேறு.

"போன தபா கூப்ட்டீங்கோ, வந்தேன். திரும்பி வந்து பாத்தா சிலிண்டரு அம்பேல். உசுரு போனா ஒரு தபா போவும். சிலிண்டருக்கு எவன் துட்டு குடுப்பான்?"

எனக்குச் சுருக்கென்றது. வெளியேற மறுப்பவர்களை 'அறியாமை' என்று எழுதிவிடுவது நமக்குச் சுலபம். இது அறியாமை இல்லை சார், கணக்கு. வாழ்நாள் சேமிப்பே ஒரு சிலிண்டர், ஒரு டி.வி., இரண்டு கோழி என்று இருக்கிறவர், பூட்டில்லாத வீட்டை விட்டு எப்படிக் கிளம்புவார்?

பையன் யோசித்தான். என் பக்கம் திரும்பினான். "சார், ரசீது போடுங்க."

போட்டேன். 'சிலிண்டர் 1, டி.வி. 1, ட்ரங்குப் பெட்டி 1, கோழி 2. மாடி வீட்டில் பத்திரமாக வைக்கப்பட்டது.' பையன் கையெழுத்து. ஆயா அதை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அடுத்த அரை மணியில் எனக்கு முன்னால் க்யூ. 60-க்கு மேல் ரசீது எழுதினேன். ஆட்டுக்குட்டி, தையல் மிஷின், மகள் கல்யாணத்துக்கு வாங்கி வைத்த பித்தளை அண்டா.

அன்று ராத்திரியும் மறுநாளும் ஆட்கள் நகர்ந்தார்கள். திங்கட்கிழமை 4-ஆம் தேதி நடந்தது உங்களுக்குத் தெரியும். மிக்ஜாம் சென்னையில் கரையேறவே இல்லை. பக்கத்துக் கடலில் மெதுவாக ஊர்ந்து, மழையைக் கொட்டிவிட்டு, 5-ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கரையேறியது. ஆயாவின் வீட்டில் இடுப்பளவு தண்ணீர்.

நாலு நாள் கழித்து சாமான்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆயா ரசீதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். கோழி 2, சரி. கூடவே ஒரு முட்டை இருந்தது.

"இது இன்னாடா?"

"வட்டி, ஆயா."

* * *

சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் அந்த டிசம்பர் அத்தோடு முடியவில்லை. வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகம் வரை கறுப்பாகப் பரவியது. வீட்டுச் சுவர், படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாவற்றிலும் பிசின். எண்ணூர் மீனவர்கள் படகில் நின்று பக்கெட்டாலும் மக்காலும் எண்ணெயை அள்ளினதை பேப்பரில் பார்த்திருப்பீர்கள். 26-ஆம் தேதி நள்ளிரவில் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிச்சலோடு, மூச்சுத் திணறலோடு, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். கதவு கதவாகத் தட்டி எழுப்பியது யார்? அக்கம்பக்கம்தான்.

ஒரே மாதத்தில் புயல், எண்ணெய், வாயு. நாம் சொல்கிற 'தன்னார்வலர்' என்பவர் பல சமயம் தானே பாதிக்கப்பட்டவர். அவர் படகும் உடைந்திருக்கும். அவர் வலையிலும் எண்ணெய் இருக்கும். அவருக்கும் அந்த மாதம் வருமானம் இருக்காது. காமர்ஸில் 'குட்வில்' என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கையால் தொட முடியாது. ஆனால் கம்பெனியை விற்கும்போது அதற்கும் விலை போடுவார்கள். இந்தப் பையன்களின் குட்வில்லுக்கு எந்தப் புத்தகத்திலும் பற்று வரவு கிடையாது.

போட முடியாததா? பங்களாதேஷைப் பாருங்கள். 1970-ல் அங்கே அடித்த போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் செத்தார்கள். அதற்கப்புறம் 1972-ல் புயல் தொண்டர் படை ஒன்று ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அதில் சுமார் 76 ஆயிரம் பேர், சரிபாதி பெண்கள். கொடி ஏற்றுவார்கள், மெகாபோனில் கூவுவார்கள், கிழவிகளைத் தூக்குவார்கள். 2020-ல் ஆம்பன் வந்தபோது 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே பத்திரமான இடத்துக்கு நகர்த்திவிட்டார்கள். நம் நாட்டிலும் 2016-ல் 'ஆப்த மித்ரா' என்று ஒரு திட்டம் தொடங்கி, 12 நாள் பயிற்சி, லைஃப் ஜாக்கெட், டார்ச், கையுறை என்று கொடுத்தார்கள். நல்ல காரியம். குப்பத்துக்குப் பத்துப் பேராவது அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். இன்ஷூரன்ஸோடு. உயிரைப் பணயம் வைக்கிறவனுக்கு லாரி டியூப் மட்டும் போதாது.

* * *

இப்போது 11.

10 என்றால் கடும்புயல் நேரே வருகிறது. அதை விடப் பெரிதாக 11-ல் என்ன இருக்க முடியும்? ஒன்றும் இல்லை. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்து போச்சு என்று அர்த்தம். இனிமேல் நமக்கே எதுவும் தெரியாது, அவரவர் பார்த்துக் கொள்ளுங்கள்.

2016 டிசம்பர் 12, வர்தா அன்று நாமெல்லாம் அப்படித்தான் இருந்தோம். கரன்ட் இல்லை, போனில் டவர் இல்லை. பண மதிப்பிழப்பு நேரம் வேறு. ஏ.டி.எம். செத்துக் கிடந்தது. கையில் இருந்த 2000 ரூபாய் நோட்டுக்கு எந்தக் கடையிலும் சில்லறை இல்லை. மெழுகுவர்த்தியும் பால் பாக்கெட்டும் 'அப்புறமா குடுங்க' என்று சொல்லித்தான் வந்தன. அன்றைக்கு இந்த நகரத்தில் செல்லுபடியான ஒரே கரன்ஸி, தெரிந்த முகம்.

அதனால், 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, 1077 மாவட்டம், 1913 மாநகராட்சி. இந்த நம்பர்களைக் குறித்து வையுங்கள். அப்படியே ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். உங்கள் தெருவில் மாசமாக இருப்பவர், படியிறங்க முடியாதவர், தனியாக இருக்கிற பெரியவர், யார் யார் என்று எழுதுங்கள். முதல் பெயராக, மோட்டார் தண்ணீருக்காகச் சண்டை போட்டு உங்களோடு பேசாமல் இருக்கிறாரே மேல் வீட்டுக்காரர், அவர் பெயரை எழுதுங்கள். மாடி அவரிடம்தான் இருக்கிறது.

பஜ்ஜியை அப்புறம் சுட்டுக் கொள்ளலாம். அவருக்கும் சேர்த்து.