பிடிக்கிற கைக்கும் ஒரு சபாஷ்

கல்லூரிகளுக்கு இடையே கபடிப் பந்தயம் நாளை என்றால், இன்று மாலையே அம்பாசமுத்திரம் டீக்கடைகளில் வேறு பேச்சு கிடையாது. "போன வருஷம் ஒரே மூச்சில மூணு பேரைத் தொட்டுட்டு வந்தானே, அந்தப் பையன் இந்தத் தடவையும் வாரானா?" என்று ஒருவர் கேட்பார். "அவனுக்குச் சரியா இந்தக் காலேஜிலயும் ஒருத்தன் இருக்கான்" என்று மற்றொருவர் சொல்வார். பேச்சு வளர்ந்துகொண்டே போகும்.

பேச்செல்லாம் பாடிச் செல்கிறவரைப் பற்றித்தான். மூலையில் உட்கார்ந்து தினசரி படித்துக்கொண்டிருக்கும் பெரியவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எல்லாஞ் சரிடே, பிடிக்கதுக்கு யாரு இருக்கா?" என்பார். கடையில் பதில் வராது.

ஆனால், கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

கணக்கு சொல்லும் சேதி

பாட்டன்மார் சடுகுடு என்று ஆடிய ஆட்டத்துக்கு இன்று திட்டமான விதிகள் வந்துவிட்டன. ஆடவர் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பக்கத்துக்கு 7 பேர். பாடி வருகிறவருக்கு 30 விநாடி. அதற்குள் அவர் தொடும் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு புள்ளி.

அவரைப் பிடித்தாலும் ஒரு புள்ளிதானே என்று தோன்றலாம். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் அப்படித்தான். ஆனால், பிடிபட்டு வெளியே போய் உட்காருகிறவர் யார்? எதிர்க் கோஷ்டியின் முதல்தர ஆட்டக்காரர்! அவருடைய பக்கத்தார் ஒரு புள்ளி எடுத்து அவரை மீட்கும்வரை, இரண்டாந்தர ஆளைத்தான் பாட அனுப்ப வேண்டும். ஒரு நல்ல பிடி, எதிரியின் வலது கையையே சிறிது நேரம் கட்டிப்போடுகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால், ஒன்றுக்கு இரண்டு புள்ளி. ஏழு பேரும் வெளியேறினால் எதிரிக்கு மேலும் 2 புள்ளி போய்விடும். ஆகவே, தோற்கும் தறுவாயில் ஒரு கோஷ்டியைக் காப்பாற்றி நிறுத்துவது அந்தக் கடைசி மூன்று பேரின் நெஞ்சுறுதிதான்.

எந்தக் காப்பு மேல்?

இரண்டு கல்லூரிகளின் காப்பை எடைபோட விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, அவை எந்த வகையைச் சேர்ந்தவை என்பதை.

முதல் வகை, மூலைக்காரர்களை நம்பும் கோஷ்டி. இடது கார்னரிலும் வலது கார்னரிலும் வேகமான இரண்டு பையன்கள் நிற்பார்கள். பாடுகிறவர் கால் நீட்டிய மறுகணமே கணுக்காலைக் கவ்விவிடுவார்கள். பார்க்க விறுவிறுப்பான ஆட்டம் இது. ஆனால், ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. அரைக்கண நேரம் அவசரப்பட்டுப் பாய்ந்தால் புள்ளி எதிரிக்கு. கார்னர் வெளியேறிவிட்டால் அந்தப் பக்கமே கதவில்லாத வீடு.

இரண்டாவது வகை, சங்கிலிக் கோஷ்டி. இரண்டிரண்டு பேராகவோ மூன்று மூன்று பேராகவோ கைகோத்து நின்று, பாடுகிறவரை உள்ளே வரவிட்டு வளைத்துக்கொள்வார்கள். இதில் தனியொருவர் பெயர் எடுக்க முடியாது. பாடுகிறவரைத் திரும்பவிடாமல் கவர் ஆட்டக்காரர் மறிப்பார். கார்னர் காலைப் பிடிப்பார். மற்றவர்கள் இடுப்பில் விழுவார்கள். ஆனால், ஒருவர் முன்னே போய் மற்றவர் பின்தங்கினால் சங்கிலி அறுந்துவிடும். கெட்டிக்காரப் பாடகர் அந்த இடைவெளியைத்தான் தேடுவார்.

அனுபவப்பட்ட கார்னர் இருந்தால் முதல் வகை சோபிக்கும். இல்லையென்றால் சங்கிலியே நம்பகமானது. மூன்று நான்கு வருஷம் சேர்ந்து படித்துப் பிரிந்துபோகும் கல்லூரி மாணவர்களுக்குச் சங்கிலிதான் பொருத்தம். சாமர்த்தியத்தில் குறைந்ததை ஒற்றுமையால் ஈடுகட்டிக்கொள்ளலாம் அல்லவா?

மண்ணும் மேட்டும்

அடுத்துப் பார்க்க வேண்டியது தரை. தாமிரபரணிக் கரை ஊர்களில் பையன்கள் கபடி பழகுவது மண்ணில், வெறுங்காலோடு. பெரிய பந்தயங்கள் நடப்பதோ மேட்டில், காலணியோடு. மண்ணில் கால் சறுக்கும்; பாய்கிறவர் அதையும் கணக்கிட்டுப் பாய்வார். மேட்டில் காலணி கவ்விப் பிடிக்கும்; பாடுகிறவர் நின்ற இடத்திலேயே திரும்பி ஓடிவிடுவார். மண்ணில் பொருந்திய பிடி மேட்டில் அரை அடி தவறிப்போகும்.

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி மாவட்டக் கல்லூரிகள் பலவும் 1990-ல் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. மேட்டில் தினமும் பழகும் கல்லூரியும், பந்தயத்தன்றுதான் மேட்டை மிதிக்கும் கல்லூரியும் எதிரெதிரே நின்றால், தோற்றவர்களிடம் வீரம் குறைவு என்று சொல்வது நியாயமாகாது. குறை தரையில் இருக்கிறது. அம்பை வட்டாரத்துக் கல்லூரிகள் நாலைந்து சேர்ந்து பொதுவில் ஒரு மேட் வாங்கி, முறைவைத்துப் பழகினால் இந்தக் குறை தீரும். முழங்காலும் தோளும் அடிபடுவது பிடிக்கிறவருக்கே அதிகம் என்பதால், இது வெற்றி தோல்வியை மட்டும் பொறுத்த விஷயமும் அல்ல.

ஜகார்த்தாவில் கற்ற பாடம்

பிடியின் மதிப்பை இந்தியா முழுவதும் உணர்ந்த நாள் ஒன்று உண்டு. ஆசிய விளையாட்டுப் போட்டியில் 1990-ல் கபடி சேர்க்கப்பட்டது முதல் 2014 வரை, தொடர்ந்து ஏழு முறை ஆடவர் தங்கம் இந்தியாவுக்கே வந்தது. 1994-ல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் இருந்தார் என்பது தென்பாண்டிச் சீமைக்கே பெருமை.

2018-ல் ஜகார்த்தாவில் அந்த வரிசை அறுந்தது. அரையிறுதியில் ஈரான் 27-18 என்ற கணக்கில் இந்தியாவைத் தோற்கடித்தது. பாடுவதில் பேர்போன நம்மவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து எடுத்தது 18 புள்ளிதான். ஈரானியரின் பிடி அப்படிப்பட்டது! அவர்களில் ஒருவரான பசல் அத்ராச்சலி மூலையில் நின்று பிடிக்கும் ஆட்டக்காரர். அதே வருஷம் புரோ கபடி ஏலத்தில் முதன்முதலாக ஒரு கோடி ரூபாய் விலை பெற்றவரும் அவரே. பாடுகிறவருக்கே பணமும் புகழும் என்றிருந்த எண்ணத்தை அந்த ஏலம் மாற்றியது.

நம் தமிழ் தலைவாஸ் கோஷ்டியின் கதையும் இதுதான். 2022-ல் 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு வாங்கப்பட்ட பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே காயமடைந்தார். கோஷ்டி கவிழ்ந்தது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால், அந்த வருஷம்தான் அது முதன்முறையாக அரையிறுதிக்குச் சென்றது. பாடுவதில் நரேந்தர் என்ற இளைஞர் கைகொடுத்தார். இரு மூலைகளிலும் சாகரும் சாகில் குலியாவும் காவல் நின்றார்கள்.

மணிக்கட்டைப் பாருங்கள்

கடைசியாக ஒன்று. இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது.

சங்கிலிக் காப்பு என்பது என்ன? ஒருவன் மற்றொருவன் கையைப் பற்றி நிற்பது. பக்கத்தில் நிற்பவன் எந்தத் தெருக்காரன், எந்தச் சாதிக்காரன் என்ற யோசனை மனத்தின் மூலையில் துளி இருந்தாலும் அந்தப் பிடி இறுகாது. பாடுகிறவர் இழுக்கிற இழுப்பில் கை நழுவிவிடும்.

திருநெல்வேலிச் சீமையில் இது வெறும் விளையாட்டுப் பேச்சு அல்ல. சாதிக்கொரு நிறமாக மாணவர்கள் மணிக்கட்டில் கயிறு கட்டித் திரிவதை இந்த ஜில்லாவில் அறியாதார் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமையை நாடே கண்டது. அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், இத்தகைய கயிறுகளுக்குப் பள்ளிகளில் தடை விதிக்க வேண்டும் என்று கூறியது. மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி 2025-ல் வெளிவந்த 'பைசன்' திரைப்படமும், கபடிக் களத்தைச் சாதிப் பகை எப்படிச் சூழ்ந்து நிற்கிறது என்பதையே காட்டியது.

தடை உத்தரவு கயிற்றை அறுக்கலாம். மனத்தில் உள்ள முடிச்சை அவிழ்க்காது. அதை அவிழ்க்கக் கபடிக் களத்தால் முடியும். தினம் மாலை இரண்டு மணி நேரம் ஒருவன் கையை ஒருவன் பற்றி நின்று, சேர்ந்து விழுந்து, சேர்ந்து எழுந்த பையன்களுக்கு வேறு பாடம் தேவையில்லை.

ஆகவே, உடற்பயிற்சி ஆசிரியர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரே ஊர்க்காரர்களைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். கார்னருக்கு ஒரு தெருப் பையன் என்றால், அவன் கையைப் பிடிக்கும் இடத்தில் வேறு தெருப் பையன் நிற்கட்டும். பல்கலைக்கழகக் கோஷ்டிக்கு ஆள் தேர்ந்தெடுப்பவர்கள் பாடி எடுத்த புள்ளிகளை மட்டும் பார்க்காமல், பிடித்த பிடிகளையும் கணக்கில் எழுதிவைத்துப் பார்க்கட்டும். புள்ளிப் பட்டியலில் பெயர் வராமல் சங்கிலியின் நடுவே நின்ற பையனுக்கும் அப்போதுதான் நியாயம் கிடைக்கும்.

நாளைய பந்தயத்தில் எந்தக் காப்பு மேலானது என்று கேட்டால், விடை ஆட்டம் தொடங்கும் முன்பே தெரிந்துவிடும். விசில் ஊதுவதற்கு முன் இரு கோஷ்டியும் கைகோத்து நிற்கும் அல்லவா? எந்தப் பக்கம் அந்தக் கைகள் தயக்கமின்றி இறுகுகின்றனவோ, அந்தப் பக்கமே பலம்.

டீக்கடைப் பெரியவருக்குச் சொல்ல வேண்டிய பதிலும் அதுதான். ரசிகர்களும் தொட்டு வந்தவருக்குத் தட்டும் கைதட்டலில் பாதியைப் பிடித்து நின்றவர்களுக்கும் தந்துவிட்டு வீடு திரும்பட்டும்.