குறைந்த மார்க்கும் கலாசாலை ஜாபிதாவும்

வருஷந்தோறும் பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளியானதும், அதிக மார்க்கு வாங்கிய மாணவர்களின் படங்கள் பத்திரிகைகளில் வெளிவருகின்றன. அவர்களைப் பாராட்டுவது முறையே, நாமும் பாராட்டுகிறோம். ஆனால் அவர்களுக்கு வழிகாட்ட ஆள் தேவையில்லை. கலாசாலைகளே அவர்களைத் தேடி வருகின்றன. வழி தெரியாமல் நிற்பவன், 200க்கு 120ம் 130ம் பெற்றுவிட்டு, அண்டை அயலாரின் கேள்விக்குப் பயந்து வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் மாணவனே. அவன் பொருட்டு இன்று இரண்டொரு வார்த்தை சொல்வது நமது கடமை எனக் கருதுகிறோம்.

தமிழ்நாட்டில் இஞ்ஜினீயரிங் கலாசாலைகளில் சேருவதற்குத் தனியாகப் பிரவேசப் பரீட்சை கிடையாது. 2006ம் வருஷத்துச் சட்டம் அதை ஒழித்துவிட்டது. கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50 என மொத்தம் 200க்குக் கட்-ஆஃப் மார்க்கு கணக்கிடப்படுகிறது. கணிதத்தில் 70, பௌதிகத்தில் 60, ரசாயனத்தில் 64 வாங்கியவனுக்கு, 70ம் 30ம் 32ம் சேர்ந்து 132 ஆகிறது. இந்த எண்ணைக் கொண்டே தரவரிசை தயாரிக்கிறார்கள்.  ஆனால் அந்த மாணவனின் கதி இந்த ஒரே எண்ணால் மட்டும் நிர்ணயமாகிறது என்று நினைப்பது பெருந்தவறு. அவன் தன் கையால் எழுதிக் கொடுக்கும் கலாசாலை ஜாபிதாவும் அதே அளவு அவன் கதியை நிர்ணயிக்கிறது. இதைத்தான் நமது ஜனங்கள் இன்னும் உணரவில்லை.

2018ம் வருஷத்துக்கு முன்னர், மாணவர்கள் தகப்பனாரையோ தமையனையோ அழைத்துக்கொண்டு சென்னை கிண்டிக்கு வந்து, அண்ணா பல்கலைக்கழகத்தில் தரவரிசைப்படி கலந்தாய்வுக்கு உட்கார்ந்தார்கள். எந்தக் கலாசாலையில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்பதைத் திரையில் கண்ணால் கண்டு, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வருஷம் முதல் எல்லாம் இணையதள வழியாயிற்று. பிரயாணச் செலவு குறைந்தது, அது நன்மையே. ஆனால் முன்பு காலியிடத்தைக் கண்டு தேர்ந்தவன், இப்போது எது காலியாக இருக்கும் என்று காணாமலே, குறித்த சில நாட்களுக்குள் தன் விருப்பங்களை வரிசையாக எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. கெடு முடிந்தபின் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற இயலாது. ஆகவே ஜாபிதா எழுதுவதே ஒரு வித்தையாகிவிட்டது. அந்த வித்தையை அவனுக்குக் கற்பித்தவர் யார்?

ஜாபிதாவை அதிகாரிகள் எவ்வாறு பரிசீலிக்கிறார்கள் என்பதை முதலில் அறிய வேண்டும். மாணவனின் முறை வந்ததும், அவன் முதலாவதாக எழுதிய இடம் காலியா என்று பார்க்கப்படுகிறது. இல்லையேல் இரண்டாவது, அதுவும் இல்லையேல் மூன்றாவது, இப்படியே கீழ்நோக்கிச் சென்று முதலில் அகப்படும் இடம் அவனுக்கு ஒதுக்கப்படுகிறது. எத்தனை விருப்பங்களை வேண்டுமானாலும் எழுதலாம். இதிலிருந்து இரண்டு உண்மைகள் பிறக்கின்றன. எட்டாத கலாசாலையை மேலே எழுதுவதால் யாதொரு நஷ்டமும் இல்லை. கீழே போதிய இடங்களை எழுதாமல் விடுவதால் சர்வ நஷ்டமும் உண்டு.

இவ்விரண்டையும் நமது வீடுகளில் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரு தகப்பனார் கௌரவத்தை உத்தேசித்து, ஊரெல்லாம் பெயர் தெரிந்த பத்துக் கலாசாலைகளை மட்டும் எழுதச் சொல்லி நிறுத்திவிடுகிறார். பத்தும் கிட்டாதபோது மகன் வெறுங்கையோடு நிற்கிறான். இன்னொரு தகப்பனார் பயத்தினால், விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று சொல்லி, நிச்சயம் கிடைக்கும் கலாசாலையை முதலாவதாக எழுதச் செய்கிறார். அது கிடைத்துவிடுகிறது, அதைவிட மேலான ஒன்று அதே மார்க்குக்குக் கிடைத்திருக்கும் என்பது பின்னால் தெரிகிறது. முதலாமவர் செய்தது வீண் பெருமை. இரண்டாமவர் செய்தது வீண் தாழ்மை. இரண்டினாலும் கெடுவது பிள்ளையின் நான்கு வருஷமே.

அப்படியானால் தக்க ஜாபிதா எது? சென்ற வருஷம் ஒவ்வொரு கலாசாலையிலும் ஒவ்வொரு பிரிவிலும் கடைசியாக இடம் பெற்றவரின் மார்க்கும் தரவரிசையும் வகுப்புவாரியாக வெளியிடப்பட்டிருக்கின்றன. மார்க்கை மட்டும் பார்த்து ஏமாறலாகாது. கேள்வித்தாள் எளிதாக இருந்த வருஷத்தில் எல்லாருடைய மார்க்கும் ஏறும். அப்போது சென்ற வருஷத்து 132ம் இவ்வருஷத்து 132ம் ஒன்றாகா. தரவரிசை எண்ணை ஒப்பிடுவதே பத்திரமான வழி. 69 சதவிகித இட ஒதுக்கீடு உள்ள நமது ராஜ்யத்தில், பொதுப் பிரிவின் எண்ணோடு தன் வகுப்புக்குரிய எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசாங்கப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு 2021ம் வருஷத்துச் சட்டம் 7.5 சதவிகித இடங்களைத் தனியே வைத்திருப்பதையும் மறக்கலாகாது.

அதன்பின் ஜாபிதாவை மூன்று பகுதியாக வகுப்பது நலம். முதற்பகுதியில், தன் தரவரிசைக்குச் சற்று மேற்பட்டிருந்தாலும் மனம் விரும்பும் இடங்கள். நடுப்பகுதியில், சென்ற வருஷம் தன்னை ஒத்தவர்களுக்குக் கிடைத்த இடங்கள். இதுவே நீளமாக இருக்க வேண்டும். கடைப்பகுதியில், தனக்குப் பின்னால் உள்ளவர்களுக்கும் கிடைத்த இடங்கள். ஆனால் கடைப்பகுதியிலும், கிடைத்தால் மனமொப்பிச் சேரக்கூடிய கலாசாலையையே எழுத வேண்டும். சேர விரும்பாத இடத்தை எண்ணிக்கைக்காக எழுதுவது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதாகும்.

நல்லது எது என்பதை விளம்பரப் பலகையைப் பார்த்துத் தீர்மானிக்கலாகாது. இணைப்புக் கலாசாலைகளில் எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. அதைப் படிக்க வேண்டும். தன்னாட்சிக் கலாசாலைகள் தாமே பரீட்சை நடத்துவதால் அவற்றை அதே துலாக்கோலில் நிறுக்க இயலாது. அங்கே படிக்கும் மாணவர்களையே நேரில் கேட்டறிய வேண்டும். பிரிவு விஷயத்திலும் பிடிவாதம் கூடாது. சமீப வருஷங்களில் கம்ப்யூட்டர் ஸயன்ஸ் இடங்களே முந்தி நிரம்புகின்றன. அதே கலாசாலையில் ஸிவிலும் மெக்கானிக்கலும் பிந்தி நிரம்புகின்றன. ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் இல்லாத கட்டடத்தில் கம்ப்யூட்டர் ஸயன்ஸ் என்ற பெயரைப் படிப்பதைக் காட்டிலும், பழகித் தேர்ந்த கலாசாலையில் ஸிவில் படிப்பது மேல் அல்லவா?

ஒதுக்கீடு வந்த பின்னும் ஜாக்கிரதை வேண்டும். கிடைத்த இடத்தை ஒப்புக்கொண்டே, ஜாபிதாவில் அதற்கு மேலுள்ள இடத்துக்காகக் காத்திருக்க வழி இருக்கிறது. கிடைத்ததை வேண்டாமென்று தள்ளிவிட்டு மேலிடத்துக்குக் காத்திருக்கவும் வழி இருக்கிறது. குறைந்த மார்க்குக்காரனுக்கு முன்னது விவேகம். பின்னது பெரும்பாலும் சூதாட்டம். குறித்த நாட்களுக்குள் பணம் கட்டத் தவறினால் கைக்கு வந்த இடமும் போய்விடும்.

இவ்வளவையும் ஒரு கிராமத்துக் குடியானவனின் மகன் தனியே அறிந்துகொள்வான் என்று எதிர்பார்ப்பது நியாயமா? அவன் பிரௌஸிங் சென்டருக்குப் போகிறான். அங்கே உட்கார்ந்திருப்பவர் தம் மனம் போனபடி ஜாபிதாவை எழுதிவிடுகிறார். அல்லது தரகர் ஒருவர் வந்து, கலந்தாய்வில் ஒன்றும் கிடைக்காது என்று பயமுறுத்தி, நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் தருவதாக முன்பணம் வாங்கிச் செல்கிறார். கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. கலந்தாய்வு முடியும் வரை எவரிடமும் முன்பணம் கொடுக்க வேண்டாமென்றும், ரகசியச் சொல்லை எவர் கையிலும் ஒப்படைக்க வேண்டாமென்றும் பெற்றோரை வற்புறுத்துகிறோம்.

குறைந்த மார்க்கு வாங்கியவர்களுக்கு இஞ்ஜினீயரிங் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கணிதத்தைக் கண்டாலே வெறுப்புள்ளவனைப் பலவந்தமாக அதில் தள்ளுவது தவறு என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். அவனுக்கு அரசாங்கக் கலை, விஞ்ஞானக் கலாசாலைகள் இருக்கின்றன. கைவேலையில் நாட்டமுள்ளவனுக்குப் பாலிடெக்னிக் இருக்கிறது. பிளஸ் டூவில் விஞ்ஞானம் படித்தவன் நேரே அதன் இரண்டாம் வருஷத்தில் சேரலாம். டிப்ளமா பெற்றபின் இஞ்ஜினீயரிங் கலாசாலையின் இரண்டாம் வருஷத்தில் சேரலாம். ஒரு வருஷம் அதிகமாகும். ஆனால் அஸ்திவாரம் பலமாகும். இவையும் ஜாபிதாவின் கடைசியில் மனத்திற்குள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவையே. இவற்றை அவமானமாகக் கருதுவதுதான் அவமானம். ஆனால் பதினேழு வயதில் ஒரு பரீட்சையில் சறுக்கியவன் இனி எதற்கும் உதவான் என்று தீர்ப்புச் சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை.

சர்க்கார் மாவட்டந்தோறும் உதவி மையங்களை வைத்திருப்பதை நாம் வரவேற்கிறோம். அது போதாது. சென்ற வருஷத்துக் கணக்கை எளிய தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு அரசாங்க உயர்நிலைக் கல்விக்கூடத்திலும் தொங்கவிட வேண்டும். விருப்பம் எழுதும் நாட்களில் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். பெண்பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பத் தயங்கும் தாய் தகப்பனிடம் விடுதி வசதியைப் பற்றி எடுத்துச் சொல்வதும் அவர் பொறுப்பாக வேண்டும்.

இறுதியாக நமது இளம் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. தேசத் தொண்டு என்பது மேடையிலும் ஊர்வலத்திலும் மட்டும் இருப்பதல்ல. படித்த நீங்கள், வருஷத்தில் இந்தச் சில நாட்கள் உங்கள் தெருவிலுள்ள ஒரு மாணவனின் பக்கத்தில் உட்காருங்கள். அவன் மார்க்கைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். தரவரிசையைப் பாருங்கள், ஜாபிதாவை அவன் கையாலேயே எழுதச் செய்யுங்கள், ஒரு முறைக்கு இரு முறை படித்துப் பாருங்கள். முதல் மார்க்குக்காரனின் படத்தைச் சுவரில் ஒட்டுவதைவிட, கடைசி வரிசையில் நின்றவனுக்கு ஓர் இடம் கிடைக்கச் செய்வது தேசத்துக்கு அதிகப் பிரயோஜனமுள்ள வேலை என்பது நமது அபிப்பிராயம்.